ஊராட்சிக் கணக்கைப் பார்க்க எந்த வழி நல்ல வழி?

தெருவில் பேவர் பிளாக் பதித்து அடுத்த மழைக்காலம் வருவதற்குள் கற்கள் உள்வாங்கத் தொடங்கினால், அந்தத் தெருவில் குடியிருப்பவரின் மனத்தில் எழும் முதல் கேள்வி, இந்தப் பணிக்கு எத்தனை மீட்டர் நீளத்துக்குப் பணம் கொடுக்கப்பட்டது, எவ்வளவு கனத்துக்குக் கொடுக்கப்பட்டது என்பதுதான். அந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் இல்லை. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தின் அலமாரி ஒன்றில், எம்-புக் என்று எல்லோரும் சொல்லும் அளவுப் புத்தகத்தின் ஏதோ ஒரு பக்கத்தில், ஒன்றியப் பொறியாளரின் கையெழுத்தோடு அது எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தை ஊர்க்காரர் எப்படி எட்டுவது என்பதே இங்கு நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி.

தமிழ்நாட்டின் கிராம ஊராட்சி ஒன்றில் வசிப்பவருக்கு இதற்கென்று சில வழிகள் திறந்திருக்கின்றன. ஊராட்சிச் செயலரிடம் வாய்மொழியாகக் கேட்கலாம், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் மனு கொடுக்கலாம், அல்லது 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணை அழைக்கலாம், இணையதளத்தில் தேடலாம், கிராம சபையில் எழுந்து கேட்கலாம், தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி நகல் கேட்டு விண்ணப்பிக்கலாம், அதே சட்டத்தின்படி பதிவேடுகளை நேரில் பார்வையிட அனுமதி கேட்கலாம். இவற்றில் கடைசியாகச் சொன்ன வழியே, ஒரு குறிப்பிட்ட பணியின் கணக்கை அறிய விரும்புபவருக்கு மிகவும் ஏற்றது என்பது பல ஆண்டுகளாக அக்கம்பக்கத்தாருக்கு விண்ணப்பம் எழுதித் தந்து வந்த பழக்கத்தில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து. ஆனால் மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுவதும் அதுதான். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை ஒவ்வொரு வழியாக ஒப்பிட்டே விளக்க வேண்டியிருக்கிறது.

வாய்மொழிக் கேள்வியைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. செயலர் நல்லவராக இருந்தால் ஐந்து நிமிடத்தில் விடை கிடைக்கும். எனவே எப்போதும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். கையில் எதுவும் எஞ்சாது என்பதே அதன் குறை. குறைதீர்க்கும் நாள் மனுவும் 1100 அழைப்பும் வேறு வகையைச் சேர்ந்தவை. தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்பன போன்று ஒரு செயலை வேண்டும்போது அவை பயன்படும். கணக்கை அறிய வேண்டும் என்று மனு கொடுத்தால், அந்த மனு படிப்படியாகக் கீழே இறங்கி, யாருடைய கணக்கைப் பற்றிக் கேட்கிறோமோ அதே வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கே பெரும்பாலும் வந்து சேர்கிறது. 'பணி விதிமுறைகளின்படி செய்து முடிக்கப்பட்டுள்ளது' என்று ஒற்றை வரியில் வரும் பதிலோடு அந்த மனு முடிக்கப்பட்டால், ஆவணத்தைக் காட்டியே தீர வேண்டும் என்று வற்புறுத்த மனுதாரருக்கு அங்கே சட்டப்படியான பிடி எதுவும் இல்லை.

இணையதளத்தின் நிலை இதைவிட நல்லது. ஒன்றிய அரசின் ஊராட்சி அமைச்சகம் 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கிய இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில், மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்துச் சென்றால், அந்த ஆண்டின் வளர்ச்சித் திட்டத்தில் எந்தெந்தப் பணிகள் சேர்க்கப்பட்டன, எந்தப் பணிக்கு எவ்வளவு பணம் எந்த நாளில் வழங்கப்பட்டது என்பதைக் கட்டணமின்றி, யாரிடமும் பெயர் சொல்லாமல், இரவு பத்து மணிக்கும் பார்க்க முடிகிறது. ஒன்றிய அரசு ஊராட்சிகளுக்கு வழங்கிய 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட வேண்டிய நிதியாக இருந்ததால், தொட்டி, குழாய், கழிவுநீர் வாய்க்கால் போன்ற பணிகளைத் தேடுபவர் அங்கே ஓரளவு விவரத்தை எதிர்பார்க்கலாம். ஆனால் ஊராட்சியின் வீட்டு வரி வருவாயிலிருந்து செய்த செலவும், மாநிலத் திட்டங்களின் செலவும் அதே முழுமையோடு அங்கே கிடைக்கும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. அதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. தளத்தில் இருப்பது பதிவு செய்யப்பட்ட தொகை மட்டுமே. அந்தத் தொகைக்கு அடிப்படையான அளவு அங்கே இல்லை. நான்கு இலட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ளலாம். எத்தனை சதுர மீட்டருக்குக் கொடுக்கப்பட்டது என்பதற்கு மறுபடியும் அந்த அலமாரிக்குத்தான் போக வேண்டும். எனவே இணையதளத்தை நான் முதல் படியாகவே கருதுகிறேன்: பணியின் சரியான பெயர், நிதியாண்டு, திட்டத்தின் பெயர் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்வதற்கு அது மிகவும் உதவும். அடுத்த படியில் அந்த மூன்றும் இல்லாமல் எழுதப்படும் விண்ணப்பம் தடுமாறும்.

கிராம சபைக்கு வருவோம். 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரையும் கிராம சபையின் உறுப்பினராக்குகிறது. ஆண்டின் வரவு செலவுத் திட்டத்துக்கும் முந்தைய ஆண்டின் தணிக்கை அறிக்கைக்கும் ஒப்புதல் தருவதும், நடக்கும் பணிகளின் முன்னேற்றத்தைப் பரிசீலிப்பதும் அந்தச் சபையின் வேலை. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நான்கோடு, மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளும் நவம்பர் 1 உள்ளாட்சிகள் நாளும் சேர்ந்து இப்போது ஆண்டுக்கு ஆறு முறை சபை கூட வேண்டும் என்ற ஏற்பாடு உள்ளது. காகிதத்தில் பார்த்தால் இதைவிட எளிய வழி வேறு இருக்க முடியாது. விண்ணப்பம் இல்லை, கட்டணம் இல்லை, காத்திருப்பு இல்லை. ஊரே கேட்க, ஊராட்சி பதில் சொல்ல வேண்டும்.

நடைமுறையில் சபையின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. சபையில் கேட்கப்படும் கேள்வி ஒருவருடைய கேள்வியாக இருப்பதில்லை. அது தீர்மானப் புத்தகத்தில் ஏறினால் ஊரின் கேள்வியாகிறது. ஆனால் கேட்பவர் கையில் ஆவணம் இல்லையென்றால், வரவு செலவை வாசிப்பவர் மொத்தத் தொகைகளை மட்டும் வேகமாக வாசித்துச் செல்லும்போது, எந்த இடத்தில் நிறுத்திக் கேட்பது என்பதே அவருக்குத் தெரியாமல் போகிறது. எங்கள் பகுதியில் ஒரு சபையில் நானே எழுந்து, ஒரு வாய்க்கால் பணிக்கு ஆன செலவு எவ்வளவு என்று கேட்டேன், தொகை சொல்லப்பட்டது, உட்கார்ந்துவிட்டேன். வாய்க்காலின் நீளம் எவ்வளவு என்று பதிவாகியிருக்கிறது என்பதையே நான் கேட்டிருக்க வேண்டும். அந்தக் கேள்வி அன்று எனக்குத் தோன்றாததற்குக் காரணம், அதற்கு முன் எந்த மதிப்பீட்டையும் அளவுப் புத்தகத்தையும் நான் கண்ணால் கண்டதில்லை என்பதுதான்.

சபைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் நாளோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. 2016 அக்டோபருக்குப் பிறகும் நீண்ட காலம் ஊராட்சிகள் இப்படித்தான் இருந்தன. தலைவர் என்று ஒருவர் இருந்தால், ஊரில் முகம் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் அவருக்கு இருக்கும். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு அதே தெருவுக்கு வர வேண்டியவர் அவர். பல ஊராட்சிகளுக்குப் பொறுப்பான ஓர் அலுவலரிடம் அந்தக் கட்டாயத்தை எதிர்பார்க்க முடியாது. அப்படிப்பட்ட காலத்தில் சபையை மட்டும் நம்பியிருப்பது போதாது என்பதும், எழுத்து வழியின் தேவை கூடுகிறது என்பதும் என் உறுதியான எண்ணம்.

இனி எழுத்து வழிக்கு வரலாம். 2005 அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த தகவல் பெறும் உரிமைச் சட்டம், மேலே சொன்ன வழிகள் எதற்கும் இல்லாத ஒன்றைத் தருகிறது: கால வரம்பு. விண்ணப்பம் கிடைத்த 30 நாளுக்குள் தகவல் தர வேண்டும். தவறினால், பிறகு தரும் தகவலுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. தக்க காரணமின்றி இழுத்தடித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை பொதுத் தகவல் அலுவலர் தம் கையிலிருந்து தண்டம் கட்ட வேண்டியிருக்கும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் கேட்கவும் அவருக்கு உரிமையில்லை என்று 6-ஆவது பிரிவு சொல்கிறது. தமிழிலேயே எழுதலாம், பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவருக்கு அதுவும் தேவையில்லை. பொதுத் தகவல் அலுவலர் யார் என்று தெரியாவிட்டாலும் பதவியை மட்டும் குறிப்பிட்டு வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கு அனுப்பலாம்; தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால் ஐந்து நாளுக்குள் அங்கே மாற்றி அனுப்ப வேண்டியது பெற்றுக்கொண்டவரின் கடமை. சபையில் பேச அந்த ஊரின் வாக்காளராக இருக்க வேண்டும். இங்கே இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும் என்பதால், ஊரில் பகை வளர்க்க விரும்பாத ஒருவருக்காகச் சென்னையிலோ கோவையிலோ வேலை பார்க்கும் அவருடைய மகளே விண்ணப்பிக்க முடியும். சிற்றூர்களில் இது சிறிய வசதி அல்ல.

இத்தனை இருந்தும் பல விண்ணப்பங்கள் பயனற்றுப் போவதற்குக் காரணம், பெரும்பாலும் அவற்றில் இருப்பவை குற்றச்சாட்டுகளாக இருப்பதே. 'இந்தச் சாலை ஏன் ஓராண்டுக்குள் பழுதடைந்தது', 'ஒப்பந்ததாரர் மீது ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை' என்று கேட்டால், இது தகவல் என்ற வரையறைக்குள் வராது என்று பதில் வரும். அந்தப் பதில் சட்டப்படி சரியாகவும் இருக்கும். பொது அதிகார அமைப்பிடம் ஏற்கெனவே பதிவாக இருப்பதையே கேட்க முடியும், கருத்துரைக்கவோ புதிதாகத் தகவலை உருவாக்கித் தரவோ அதை வற்புறுத்த முடியாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே தீர்ப்பளித்திருக்கிறது. 'ஏன்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'இந்தப் பணியின் மதிப்பீடு, நிர்வாக அனுமதி, வேலை உத்தரவு, அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள், பணம் வழங்கிய செலவுச் சீட்டு ஆகியவற்றின் சான்றிட்ட நகல்' என்று எழுதினால் அதே அலுவலகம் வேறு வகையில் பதில் சொல்ல நேர்கிறது.

ஆனால் நகல் கேட்பதிலும் ஒரு தடை இருக்கிறது: எந்த ஆவணத்தில் எது இருக்கிறது என்பது நமக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். பெயர் தவறினால் 'அப்படி ஓர் ஆவணம் இல்லை' என்று பதில் வருகிறது. பெயரை அகலமாக வைத்து 'எல்லா ஆவணங்களும்' என்று கேட்டால், பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்குப் பணம் கட்டச் சொல்லும் கடிதம் வருகிறது. பணம் கட்டிப் பெற்ற நகல்களில் தேவையான ஒரு பக்கம் இல்லாமல் போவதும் உண்டு. இல்லாதது மறைக்கப்பட்டதா, விடுபட்டதா என்று வீட்டில் உட்கார்ந்து நாம் கண்டுபிடிக்க முடியாது.

இந்த இடத்தில்தான் அந்தச் சட்டத்தின் 2-ஆவது பிரிவில், ஆங்கில வரிசைப்படி 'ஜே' என்ற உட்பிரிவு உதவிக்கு வருகிறது. தகவல் பெறும் உரிமை என்றால் என்ன என்று வரையறுக்கும் அந்த உட்பிரிவு, நகல் பெறுவதை முதலில் சொல்லவில்லை. பணிகளையும் ஆவணங்களையும் பதிவேடுகளையும் பார்வையிடுவதையே முதலில் சொல்கிறது. பிறகு குறிப்பெடுப்பதையும் சான்றிட்ட நகல் பெறுவதையும், அதற்கடுத்து, பொருள்களின் சான்றிட்ட மாதிரிகளைப் பெறுவதையும் சொல்கிறது. அதாவது எம்-புக்கைப் பார்வையிட விண்ணப்பிக்கும் அதே தாளில், அந்தச் சாலையைப் பார்வையிடவும், அதில் பதித்த கல்லின் மாதிரி ஒன்றைப் பெறவும் கேட்கலாம்.

பார்வையிடும் வழிக்கான செலவும் குறைவு: முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை, அதன் பிறகே சிறு தொகை கட்ட வேண்டும். 'கீழ்க்கண்ட பதிவேடுகளை நேரில் பார்வையிட விரும்புகிறேன். நாளும் நேரமும் குறித்துத் தெரிவிக்கவும். பார்வையிட்ட பின் நான் குறிக்கும் பக்கங்களுக்குச் சான்றிட்ட நகல் வழங்கவும்' என்று மூன்று வாக்கியம் எழுதினால் போதும். பெண்களோ முதியவர்களோ தனியே செல்லத் தயங்கினால், உடன் ஒருவரை அழைத்துவர அனுமதி வேண்டும் என்பதையும் அந்த விண்ணப்பத்திலேயே சேர்ப்பது நல்லது. கைபேசியில் படம் எடுப்பது பற்றி அங்கே வாக்குவாதம் எழக்கூடும். ஆனால் குறிப்பெடுப்பது சட்டத்தில் எழுதியிருக்கும் உரிமை என்பதால் நோட்டும் பேனாவும் கட்டாயம் கையில் இருக்க வேண்டும்.

ஆவணங்களை ஒன்றன்பின் ஒன்றாக மேசையில் வைத்துப் பார்க்கும்போது நகலில் தெரியாத பல செய்திகள் தெரிகின்றன. தீர்மானப் புத்தகத்தில் பணிக்கு ஒப்புதல் தந்த நாள், வேலை உத்தரவின் நாளுக்கு முன்னதா பின்னதா என்று பார்க்கலாம். அளவுப் புத்தகத்தில் நீளம், அகலம், கனம் என்று மூன்று எண்கள் இருக்கும். அவற்றைக் குறித்துக்கொண்டு வந்து, வீட்டிலிருக்கும் அளவு நாடாவைக் கொண்டு தெருவை அளந்தால், நீளமும் அகலமும் அரை மணி நேரத்தில் சரிபார்த்துவிட முடியும். கனத்தை உள்வாங்கிய இடத்தின் ஓரத்தில் பார்க்கலாம். இவ்வளவுக்குப் பிறகு எண்கள் பொருந்திவிட்டால், அதுவும் ஒரு நல்ல விடையே. ஊரில் உலவும் ஒரு சந்தேகம் நியாயமாகத் தீர்ந்தது என்று கொள்ள வேண்டும். நான் உடன் சென்ற ஒரு பார்வையில் நடந்ததும் அதுதான்: அளவுகள் சரியாக இருந்தன, தொய்வுக்குக் காரணம் பிறகு குழாய்க்காகத் தோண்டிச் சரியாக மூடாமல் விட்ட பள்ளம். நகல் மட்டும் வாங்கியிருந்தால் அந்த முடிவுக்கு வந்திருப்போமா என்பது ஐயமே.

பார்வையிடுதலுக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஒன்றிய அலுவலகத்துக்குப் போக வேண்டும். போன அன்று சம்பந்தப்பட்டவர் வெளியே சென்றிருப்பார். யார் கேட்கிறார் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதால், பெயர் வெளியே தெரிவதை அஞ்சுபவருக்கு வெளியூர் உறவினர் மூலம் நகல் கேட்பதே பாதுகாப்பு. தொகுப்பு வீடு போன்ற திட்டங்களின் பயனாளிகள் விவரத்தைத் தேடுபவருக்கும் இது சிறந்த வழியாக இருக்காது. தனிநபர் தகவலை விலக்கும் 8(1) பிரிவின் உட்பிரிவு, 2023-ஆம் ஆண்டின் தனிநபர் எண்மத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம் சுருக்கப்பட்டு, பொது நலன் கருதித் தரலாம் என்று அதற்குள்ளேயே இருந்த வாசகம் நீக்கப்பட்டுவிட்டதால், பெயர்கள் அடங்கிய பதிவேட்டைக் காட்ட அலுவலர்கள் மறுப்பதற்கு இடம் கூடியிருக்கிறது. இது வருந்தத்தக்க மாற்றம். ஆயினும் கேடு விளைவதைவிடப் பொது நலன் மேலோங்கினால் தகவலைத் தரலாம் என்னும் 8(2) அப்படியே இருக்கிறது. மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும் என்று சொல்லும் 4-ஆவது பிரிவும் இருக்கிறது. பயனாளிகள் பட்டியலை அந்த இரண்டையும் சுட்டி எழுத்தில் கேட்பதும், கிராம சபையில் வாசிக்கச் சொல்வதுமே மேல்.

அப்படியானால் சபையை விட்டுவிட்டு அலுவலகத்துக்குப் போ என்கிறேனா? இல்லை. ஆவணத்தைப் பார்த்தவர் அதோடு சபைக்குத் திரும்ப வேண்டும் என்பதே என் கருத்து. 1994 டிசம்பர் 2 அன்று ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்ற ஊரில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பினர் நடத்திய முதல் மக்கள் விசாரணையில், கூலிப் பட்டியலிலும் செலவுச் சீட்டுகளிலும் இருந்தவை ஊராரின் முன் உரக்க வாசிக்கப்பட்டன. ஆவணம் ஒருபுறம், அதில் பெயர் இருந்த மக்கள் மறுபுறம் என்று இரண்டும் ஒரே இடத்தில் கூடியதில் பிறந்த வலிமையே, பிறகு நாடு தழுவிய சட்டமாக வளர்ந்தது. நூறு நாள் வேலைக்கென 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு வகுத்த சமூகத் தணிக்கையின் வரிசையும் இதுவே: முதலில் ஆவணம், பிறகு களம், கடைசியில் சபை.

எனவே நாளைத் தேர்ந்தெடுப்பதும் வழியைத் தேர்ந்தெடுப்பதைப் போலவே முக்கியமாகிறது. அக்டோபர் 2 சபைக்கும் நவம்பர் 1 சபைக்கும் இடையில் 30 நாளே இருப்பதால், அந்த இடைவெளியில் விண்ணப்பித்து அடுத்த சபைக்குள் ஆவணத்தைக் காண்பது அரிது. மார்ச் 22-க்கும் மே 1-க்கும் இடையில் 40 நாள் இருக்கின்றன. பதில் ஒழுங்காக வந்தால் போதும், மேல்முறையீட்டுக்கு நேரமில்லை. மே 1-க்கும் ஆகஸ்ட் 15-க்கும் இடையிலோ 106 நாள் உள்ளன. மே 2 அன்று ஒப்புகையோடு விண்ணப்பம் கொடுத்தால், பதில் வராவிட்டாலும் ஜூன் முதல் வாரத்தில் முதல் மேல்முறையீட்டைப் போட்டுவிடலாம். அதை 30 நாளில், காரணம் எழுதினால் அதிகம் போனால் 45 நாளில் முடிக்க வேண்டும் என்பதால், ஜூலை முடிவதற்குள் பதிவேட்டைப் பார்க்க வாய்ப்பு கிடைக்கும். அதற்கும் மேல் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு என்று போனால், அதை முடிக்கச் சட்டத்தில் கால வரம்பு இல்லை. ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரிடலாம். ஜூலையில் பார்வையிட்டு, தெருவை அளந்து, நீளம் அகலம் கனம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி, ஆகஸ்ட் 15 காலையில் அந்தத் தெருவில் குடியிருக்கும் பத்துப் பேரோடு சபைக்குப் போய், அந்த எண்களைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றும்படி கேட்க வேண்டும்.